கொச்சி யூதர் திருமணம்

கேரளத்தில் கொடுங்கல்லூர், மட்டாஞ்சேரி, எறணாகுளம், பறவூர், சேந்தமங்கலம், மாளா ஆகிய ஊர்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த யூதர்களின் திருமண முறை. யூத மறைச்சட்டம் மாறாமல், கேரளத்து மங்கல வழக்கங்களையும் ஏற்று வளர்ந்தது. யாழ்ப்பாணத் தீவுப்பகுதியில், ஊர்காவற்றுறையிலோ நெடுந்தீவிலோ கலியாணம் பார்த்து வளர்ந்தவருக்கு இதில் பாதி தெரிந்த வீட்டுச் சடங்காகவே தோன்றும்.

அந்நியரை ஏற்ற கடற்கரைகள் இவை இரண்டும். நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலிலுள்ள முதலாம் பராக்கிரமபாகுவின் 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, ஊராத்துறைக்கு (இன்றைய ஊர்காவற்றுறை) வரும் பரதேசிகளுக்குப் பாதுகாப்பளிக்கச் சொல்கிறது. மட்டாஞ்சேரியில் 1568இல் எழுந்த யூதத் தொழுகைப் பள்ளியின் பெயரும் ‘பரதேசிப் பள்ளி’தான்.

மாப்பிள்ளை ஊர்வலத்துக்குப் பின்னால் ஒரு செப்பேடு இருக்கிறது. ஏறக்குறைய கி.பி. 1000இல் சேர மன்னன் பாஸ்கர ரவி, யூத வணிகர் தலைவன் ஜோசப் ரப்பானுக்கு 72 உரிமைகளை வட்டெழுத்தில் பொறித்துக் கொடுத்தான். பகல்விளக்கு, குடை, பல்லக்கு, பாவாடை என்பன அவற்றுள் சில. இங்கே பாவாடை என்பது நடப்பதற்கு நிலத்தில் விரிக்கும் துணி. யாழ்ப்பாணத்து மூத்தவர்கள் நிலபாவாடை என்பார்கள். அதில் நடக்கும் உரிமை எல்லாருக்கும் கிடைத்ததில்லை. அங்கும் இங்கும் அது தகுதியின் அடையாளம். கொச்சி மாப்பிள்ளை பள்ளிக்குப் போகும்போது பெண்கள் ஜோசப் ரப்பானைப் புகழ்ந்து பாடினார்கள். அன்று மாப்பிள்ளையே அந்தத் தலைவன்.

பெண்ணுக்குத் தாலியும் உண்டு. ஆனால் மாப்பிள்ளை கட்டுவதில்லை. பெண் உறவினர் ஒருவர் கட்டுவார். தாலி அழகுக்கும் மங்கலத்துக்கும் உரியது. சட்டப்படி பந்தத்தை உண்டாக்குவது மோதிரம். தாலிக்கென்றே பொன்னுருக்கு வைத்து, கெட்டிமேளம் முழங்கக் கட்டும் தீவுப்பகுதி வழக்கத்திலிருந்து கொச்சி வழக்கம் இந்த இடத்தில்தான் அடியோடு வேறுபடுகிறது.

மோதிரச் சடங்கு நின்று பார்க்கவேண்டியது. திராட்சை ரசம் நிறைந்த கிண்ணத்தின்மேல் பட்டு நூலில் கட்டிய மோதிரம் தொங்கும். மற்ற நாட்டு யூதரிடம் ரபி போன்ற மூத்தவர் சொல்லும் ஆசிமொழியை இங்கே மாப்பிள்ளையே கிண்ணத்தைக் கையிலேந்தி ஓதுவான். இரு சாட்சிகள் முன்னிலையில் மோதிரத்தைக் கொடுத்து, மோசேயின் சட்டப்படி இவள் தனக்கு உரியவள் என்று அறிவிப்பான். மோதிரத்தில் கல் பதிப்பதில்லை. கல்லின் மதிப்பு கண்ணை ஏமாற்றக்கூடும். பெண் பெறுவது இன்ன மதிப்புள்ளது என்பதில் ஐயம் இருக்கக்கூடாது. பிறகு ஏழு ஆசிமொழிகள் ஓதப்படும்; படைப்பைப் போற்றித் தொடங்கி மணமக்களின் மகிழ்ச்சியில் வந்து முடியும்.

இந்தத் திருமணத்தின் உயிர்நாடி ‘கெத்துபா’ என்ற உடன்படிக்கை. அரமேய மொழியில் எழுதி, சாட்சிகள் ஒப்பமிட்டு, உரத்துப் படிக்கப்படும். கொச்சியில் ஓரமெங்கும் பூவும் கொடியும் வண்ணத்தில் தீட்டினார்கள். எழுதியிருப்பதோ கறாரான கணக்கு: உணவும் உடையும் இல்லறமும் தருவேன், மணவிலக்கானாலோ நான் இறந்தாலோ இன்ன தொகை உனக்குச் சேரும். முதல் மணம் செய்யும் பெண்ணுக்கு 200 வெள்ளி சூஸ், கைம்பெண்ணுக்கு 100 என்பது பழைய அளவு. ஆக, இது கணவன் மனைவிக்கு எழுதிக்கொடுக்கும் கடன்பத்திரம். அவள் வசமே இருக்கும். தொலைந்தால் புதிதாக எழுதிக்கொடுக்கும்வரை இருவரும் சேர்ந்து வாழக்கூடாது என்கிறது சட்டம்.

தீவுப்பகுதியில் இதற்கு அருகில் வைக்கத்தக்கது நொத்தாரிசு எழுதும் சீதன உறுதி. டச்சுத் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் 1706இல் தொகுத்த யாழ்ப்பாண வழக்குச் சட்டமான தேசவழமையின்படி சீதனம் மனைவியின் தனிச் சொத்து. கெத்துபாவில் கடன்படுபவன் கணவன். சீதனத்தில் கொடுப்பவர்கள் பெண்ணைப் பெற்றவர்கள். பெண்ணுக்கென்று ஒரு சொத்து எழுத்தில் இருக்கவேண்டும் என்ற அக்கறை இரண்டுக்கும் பொது. எனினும் சுமை மாப்பிள்ளை பக்கம் விழும் கெத்துபாவே நியாயமானது. மகளின் சீதனத்துக்காகக் காணியை ஈடுவைத்த குடும்பங்களை அறிந்த எவரும் இதை மறுக்கமாட்டார்.

நாள் பார்ப்பதும் உண்டு. நம்மவர் தவிர்க்கும் செவ்வாய் யூதருக்கு நல்ல நாள். படைப்பு வரலாற்றில் ‘நல்லது’ என்ற சொல் அந்த நாளுக்கு இருமுறை வருகிறது. ஓய்வுநாளில் மணம் இல்லை. விருந்து ஏழு நாள்.

அந்த நாட்களில் பாட்டு பெண்களுடையது. மலையாளத்தில் பாடினார்கள், ஆண்கள் அமர்ந்து கேட்டார்கள். பாட்டுக்களைக் கையால் எழுதிய கொப்பிகள் தாயிடமிருந்து மகளுக்குப் போயின. 1950களில் பெரும்பாலோர் இசுரேலுக்குக் குடிபெயர்ந்தபோது கொப்பிகளும் பயணப்பட்டன. அவற்றிலிருந்து ஸ்கரியா சக்கரியாவும் ஒஃபிரா கம்லியேலும் தேர்ந்து தொகுத்த ‘கார்குழலி’ 2005இல் ஜெருசலேமில் மலையாளத்திலும் ஈபுருவிலும் வெளிவந்தது.