படி ஏறும் வேகமும் பிராசசர் வேகமும்

திருத்தணி மலைக்கு 365 படிகள். ஓடி ஏறினால் பாதியிலேயே மூச்சு வாங்கும். நிதானமாக ஏறினால் களைப்பு தெரியாது. பிராசசர் கதையும் ஏறக்குறைய இதுதான். வேகத்தை மட்டும் குறைத்தால் வேலை நீளுமே தவிர மின்சாரம் பெரிதாக மிச்சமாகாது. வேகம் குறையும்போது மின்னழுத்தத்தையும் குறைக்க முடியும் என்பதில்தான் லாபம். மின்னழுத்தம் பாதியானால் அதே கணக்கைப் போட ஏறத்தாழ கால் பங்கு ஆற்றல் போதும்.

1994இல் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் மார்க் வைசர் குழுவினர் இதை ஆராய்ந்தார்கள். அவர்களுடைய வழிகளில் ஒன்று, சற்றுமுன் இருந்த அளவு வேலைதான் அடுத்தும் இருக்கும் என்று ஊகிப்பது. பத்தாண்டு கழித்து, 2004இல், வெங்கடேஷ் பல்லிபாடி முதலியோர் எழுதிய 'ஆன்டிமாண்ட்' லினக்ஸ் 2.6.9இல் சேர்ந்தது. அதுவும் கடந்த நொடித்துளிகளைத்தான் பார்த்தது. பளு 80 சதவீதத்தைத் தாண்டினால் நேராக உச்ச வேகம்!

இதில் ஒரு வேடிக்கை. வரிசையில் காத்திருக்கும் வேலைகள் ஷெட்யூலருக்குத் தெரியும். ஆனால் வேகத்தை முடிவு செய்யும் பகுதி அதைக் கேட்பதில்லை. கையில் ஆர்டர் புத்தகம் இருக்க, போன மாதக் கணக்கைப் பார்த்துச் சரக்கு வாங்கும் கடை மாதிரி. பேட்டரியும் வீண், சில சமயம் திரையும் திக்கும்.

இருவரும் பேசிக்கொள்ள 2016 ஆயிற்று. லினக்ஸ் 4.7இல் ரஃபேல் விசோக்கி எழுதிய 'ஷெட்யுடில்' வந்தது. இந்தப் பகுதியை அவரோடு சேர்ந்து பராமரித்தவர் இந்தியரான விரேஷ் குமார். எந்த வேலையை எந்தக் கோருக்குத் தந்தால் மின்சாரம் மிச்சம் என்ற கணக்கு 2019இல் லினக்ஸ் 5.0இல் சேர்ந்தது. 2016இல் வந்த முதல் கூகுள் பிக்சல் போனில் அதன் முந்தைய வடிவம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது.