ஒரு முந்திரிகைத் தோட்டத்தின் பெயர்



திருக்குறளின் கள்ளுண்ணாமை அதிகாரத்தை ஆண்டுதோறும் மாணவர்க்குக் கற்பித்து வருபவன் நான். இந்துக் கல்லூரி ஒன்றின் தமிழாசிரியன். அத்தகைய ஒருவன் இலக்கிய நிகழ்ச்சியிலே பிரெஞ்சு நாட்டுச் சிவப்பு வைனைப் பற்றிப் பேசப் புகுந்தால் உங்களிற் சிலர் வானொலியை நிறுத்திவிடக்கூடும். வேறு சிலர் ஒலியைச் சற்றுக் கூட்டவுங்கூடும். இரு சாராரும் சிறிது பொறுத்தருளுக. ஒரு தோட்டத்தின் வரலாற்றையே சொல்ல வந்தேன். அந்த வரலாற்றை அறிய நேர்ந்த விதத்தை மறைப்பது நேர்மையாகாது என்பதனால் அதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓகஸ்ட் விடுமுறையில் பிரான்சின் தென்மேற்கிலுள்ள போர்தோ நகரத்துக்குச் சென்றிருந்தேன். என் சித்தப்பா அங்கே முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஓர் உணவகத்தின் சமையலறையில் உழைத்தவர். ஒருநாள் மாலை மேசைமேல் வெள்ளைத் துணி விரித்து, மூன்று கிளாசுகளையும் வெறும் சட்டி ஒன்றையும் வைத்துவிட்டு என்னை அழைத்தார். நான் தயங்கினேன்.

"தம்பி, நான் உன்னைக் குடிக்கச் சொல்லேல்லை. வாயிலை வைச்சுப் பாத்துப்போட்டுச் சட்டிக்குள்ளை துப்பு. இஞ்சை பெரிய ஆக்களெல்லாம் அப்பிடித்தான் செய்யினம்" என்றார்.

அவர் சொன்னது உண்மைதான். சுவைஞர் எனப்படுவோர் ஒரே காலையில் பல வகை வைன்களைச் சோதிப்பார்கள், எதையும் விழுங்குவதில்லை. முதலில் கிளாசைச் சரித்து வெள்ளைத் துணிக்கு நேரே பிடித்து நிறம் பார்க்க வேண்டும். இளைய வைன் நாவற்பழச் சாற்றின் ஊதா நிறம். வயது ஏற ஏற விளிம்பிலே செங்கல் நிறம் தட்டும். அதன்பின் மெல்லச் சுழற்றி மணம் பார்க்க வேண்டும். ஈற்றில் ஒரு வாய் எடுத்து, நாக்கிலும் முரசிலும் படும்படி உருட்டிவிட்டுத் துப்ப வேண்டும்.

முதலாவது, கடையில் மலிவாகக் கிடைப்பது. புளிப்பைத் தவிர வேறொன்றும் எனக்குத் தெரியவில்லை. இரண்டாவது, சென் எமிலியோன் என்னும் ஊரினது. மென்மையாக, பழுத்த பழத்தின் வாசனையோடு இருந்தது. மூன்றாவதை மூக்கருகே கொண்டுபோனதும் திடுக்கிட்டேன். எங்கள் ஊரிலே புகையிலையைப் புகையூட்டும் கொட்டில் உண்டல்லவா? அந்தக் கொட்டிலின் கதவைத் திறந்தாற் போன்றதொரு மணம். வாயிலிட்டபோது, பச்சைப் பாக்கைக் கடித்தாற்போல் முரசு இறுகியது.

"என்ன தெரியுது?" என்றார் சித்தப்பா.

"துவர்க்குது" என்றேன்.

"இந்தச் சொல்லைத்தான் நான் எத்தினையோ வருஷமாய்த் தேடிக்கொண்டிருந்தனான்" என்றார் அவர்.

சிவப்பு வைனின் உயிர்நிலை அதன் துவர்ப்பே. முந்திரிகையின் தோலிலும் விதையிலும் இருந்து வருவது அது. சாற்றைத் தோலோடு ஊறவிடுவதனாலேயே நிறமும் துவர்ப்பும் சேர்கின்றன. பல ஆண்டுகள் கெடாது கிடக்க வைனுக்குத் துணை செய்வதும் அத்துவர்ப்பே. மேனாட்டார் அடிப்படைச் சுவைகளை எண்ணும்போது துவர்ப்பைத் தனிச்சுவையாகக் கொள்வதில்லை. நாமோ அறுசுவையில் ஒன்றாக அதற்கு இடமளித்திருக்கிறோம். இன்னுமொரு பொருத்தமும் உண்டு. போர்தோவின் பழைய வைனுக்குக் கிளாரே என்று பெயர். வெளிர்ந்தது, தெளிந்தது என்பது அதன் அடிப்பொருள். ஆங்கிலேயர் இன்றும் வழங்கும் கிளாரெட் என்னும் சொல் அதன் வழிவந்ததே. நம்முடைய தேறல் என்னும் சொல்லும் தேறுதல், அதாவது தெளிதல் என்பதிலிருந்து பிறந்ததல்லவா?

அத்தேறல் கடல் கடந்தும் வந்தது. யவனர் கொணர்ந்த தேறலைப் பாண்டியன் நன்மாறன் பருகி வாழ்க என்று நக்கீரர் பாடிய பாட்டுப் புறநானூற்றில் உண்டு. புதுச்சேரிக்கு அண்மையிலுள்ள அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டு மோட்டிமர் வீலர் நடத்திய அகழ்வில் அவ்வகைத் தேறல் வந்த சாடிகளின் ஓடுகளும் கிடைத்தன. ஆயினும் அது எந்த ஊரில், எவர் தோட்டத்தில் விளைந்தது என்பதைப் பாட்டுச் சொல்லவில்லை. நெடுங்காலம் உலகின் பெரும்பாலான வைன்களின் நிலை இதுவே. நாட்டின் பெயரோ துறைமுகத்தின் பெயரோ தான் அவற்றுக்கு இருந்தது. போர்தோவிலே ஒரு தனித்தோட்டம் தன் பெயராலேயே உலகறிய வந்த கதைதான் ஓ பிரியோனின் கதை. மூன்றாவது கிளாசில் இருந்தது ஓ பிரியோன் அன்று; அதன் விலை எங்கள் கைக்கு எட்டாதது. அதே பெசாக் பகுதியின் எளிய தோட்டம் ஒன்றினது.

இனி வரலாற்றுக்கு வருவோம். 1152ஆம் ஆண்டு அக்கித்தேன் நாட்டின் கோமகள் எலினோர், ஹென்றி பிளான்ராஜெனெற்றை மணந்தாள். இரண்டு ஆண்டுகளில் அவன் இங்கிலாந்தின் மன்னனானான். அதனால் போர்தோ மூன்று நூற்றாண்டுகள் ஆங்கில முடியின் கீழ் இருந்தது. வைன் ஏற்றிய கப்பல்கள் ஆண்டுதோறும் இங்கிலாந்துக்குச் சென்றன. 1453இல் கஸ்தியோன் போரோடு ஆங்கிலேயர் அந்நிலத்தை இழந்தனர். அதன் வைனில் வைத்த ஆசையை இழக்கவில்லை.

1525ஆம் ஆண்டு ஜோன் தெ பொன்தாக் என்பவர் செய்துகொண்ட திருமணத்திலே ஓ பிரியோன் என்னும் இடத்து நிலம் சீதனமாக வந்தது. 1533இல் அவ்விடத்துப் பண்ணையுரிமையையும் வாங்கிச் சேர்த்தார். 1549இல் அங்கே மாளிகை எழத் தொடங்கியது. மூன்று முறை மணந்து, நூறு வயதைக் கடந்து வாழ்ந்தவர் இவர் என்பர். இவர் வழிவந்த மூன்றாம் ஆர்னோ தெ பொன்தாக், போர்தோ நீதிமன்றத்தின் தலைவராக விளங்கியவர். மரப்பீப்பாவிலே கிடக்கும் வைனின் மண்டியை நீக்கி வேறு பீப்பாவுக்கு மாற்றுதல், ஆவியாகிக் குறைந்ததை அவ்வப்போது நிரப்பிக் காற்றுப் புகாது காத்தல் ஆகிய முறைகளை இவருடைய தோட்டம் கைக்கொண்டது. ஓராண்டில் புளித்துப்போகும் பண்டம் பல்லாண்டு காத்திருக்கும் பண்டமாயிற்று. அதனைத் தோட்டத்தின் பெயராலேயே இலண்டனில் விற்கவும் செய்தார்.

1660ஆம் ஆண்டைச் சேர்ந்த, இரண்டாம் சாள்ஸ் மன்னனின் வைன் கணக்கேட்டில் இத்தோட்டத்து வைன் 169 போத்தல்கள் பதிவாகியுள்ளன. அது கணக்கன் எழுதியது. சுவைத்தவன் எழுதியது மூன்றாண்டுகள் கழித்து வருகிறது. ஆங்கிலக் கடற்படை நிர்வாகத்தில் பணியாற்றிய சாமுவேல் பீப்ஸ், 1663ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் திகதி, இலண்டன் லொம்பாட் தெருவிலே றோயல் ஓக் என்னும் விடுதியில் ஒரு பிரெஞ்சு வைனைப் பருகினார். அன்றைய நாட்குறிப்பில் அதனைக் குறித்தும் வைத்தார். பெயரைக் காதில் விழுந்தபடி ஹோ பிரையன் என்று பிழையாக எழுதினார். தாம் அதுவரை கண்டிராத தனிச் சுவை அதற்கு உண்டு என்றார். அவ்வளவே. சுருக்கெழுத்தில் எழுதப்பட்ட அந்த நாட்குறிப்பு 1825ஆம் ஆண்டுதான் முதன்முதலாக அச்சேறியது. அந்த விடுதி இன்றில்லை. அவர் குடித்த போத்தலும் இல்லை. அந்த ஒரு வரி மட்டும் இருக்கிறது. ஓ பிரியோனின் வரலாற்றை எழுதுவோர் எவரும் அதனைத் தாண்டிச் செல்வதில்லை.

1666ஆம் ஆண்டு இலண்டனிற் பெருந்தீ மூண்டதன் பின்னர் ஆர்னோவின் மகன் அந்நகரில் ஓர் உணவுவிடுதியைத் திறந்தார். பொன்தாக்கின் தலை என்பது அதன் பெயர். அந்நாளைய நாகரிகர் கூடும் இடமாக அது விளங்கியது. கலிவரின் யாத்திரையை எழுதிய ஜொனாதன் ஸ்விப்ட் 1711இல் எழுதிய கடிதமொன்றில், ஒரு குடுவை வைன் ஏழு ஷில்லிங் என்று விற்றுவிட்டு அதை மலிவென்றும் சொல்லிக்கொள்கிறார்களே என்று எள்ளி நகையாடுகிறார்.

இவ்விடத்தில் இன்னொருவரை நிறுத்திப் பார்க்க வேண்டும். தத்துவ அறிஞர் ஜோன் லொக் 1677ஆம் ஆண்டு மே மாதம் ஓ பிரியோனுக்கு நேரிற் சென்றார். மேற்கு நோக்கிய சிறு மேடு, வெண்மணலும் பரற்கல்லும், எதுவும் விளையாது என்று எண்ணத்தக்க நிலம். அடுத்த தோட்டத்துக்கும் இதற்கும் இடையே ஒரு வாய்க்கால்தான். பார்வைக்கு மண்ணும் ஒன்றே. ஆயினும் அங்கு விளைவது இதற்கு ஈடாகாது என்று வணிகர்கள் உறுதியாகக் கூறியதை அவர் வியந்து குறித்திருக்கிறார். பரற்கல் நீரைத் தேங்கவிடாது. பகல் வெப்பத்தைப் பிடித்து வைத்து இரவிலே விடும். வேர் நீர் தேடி ஆழச் செல்லும். இன்றைய விளக்கம் இது. இதே லொக் பின்னாளில் மனித அறிவைப் பற்றி எழுதிய பெருநூலிலே, அன்னாசியைச் சுவைத்தறியாதவனுக்கு எந்தச் சொல்லாலும் அதன் சுவையைக் கொடுத்துவிட முடியாது என்று வாதிடுகிறார். மொழியைக் கற்பிப்பவன் எவனும் அந்த வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

பின்வந்த காலத்தைச் சுருங்கக் கூறுவோம். அமெரிக்காவின் தூதராகப் பிரான்சிலிருந்த தோமஸ் ஜெபர்சன் 1787இல் போர்தோவுக்கு வந்து, தலைசிறந்த நான்கு தோட்டங்களுள் ஒன்றாக இதனைக் குறித்தார். பிரெஞ்சுப் புரட்சியின்போது தோட்டத்தின் உரிமையாளர் ஜோசப் தெ பியுமெல் 1794ஆம் ஆண்டு கில்லற்றினில் தலையிழந்தார். 1801 முதல் 1804 வரை நெப்போலியனின் வெளிநாட்டு அமைச்சர் தாலிராண்ட் இதன் சொந்தக்காரர். 1836இல் லாரியூ குடும்பத்தின் கைக்கு மாறியது. 1855ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சிக்காகப் போர்தோ வணிகத் தரகர்கள் விலையை அளவாகக்கொண்டு வைன்களைத் தரம் பிரித்தபோது, முதற்தரம் பெற்றவை நான்கே. அவை ஜெபர்சன் குறித்த அதே நான்கு. மற்றைய மூன்றும் மெதொக் பகுதியைச் சேர்ந்தவை. இது ஒன்றே புறத்தேயிருந்து இடம்பெற்றது. 1973இல் மூத்தோன் தோட்டம் உயர்த்தப்படும்வரை அந்த முதல் வரிசை மாறவில்லை.

இதற்கிடையே 1860களில் அமெரிக்காவிலிருந்து வந்த பிலொக்செரா என்னும் நுண்பூச்சி பிரான்சின் கொடிகளை வேரோடு தின்றது. அப்பூச்சிக்கு ஈடுகொடுக்கும் அமெரிக்கக் கொடியின் வேரிலே பிரெஞ்சுக் கொடியை ஒட்டுவதுதான் மருந்தாயிற்று. 1935இல் தோட்டத்தையே கிளாரன்ஸ் டிலன் என்னும் அமெரிக்க வங்கியாளர் வாங்கினார். அவர் சந்ததியினரே இன்றும் உரிமையாளர். ஆனால் தோட்டத்தை நடத்தி வந்தோர் டெல்மாஸ் என்னும் குடும்பத்தினர். 1923இல் ஜோர்ஜ், 1961இல் அவர் மகன், 2004இல் பேரன் எனப் பொறுப்பு வழிவழியாக வந்திருக்கிறது. பெருந்தோட்டங்களுள் முன்னோடியாக, துருப்பிடிக்காத உருக்குத் தொட்டிகளை 1961இல் இங்கே அமைத்தார்கள்.

மறுநாள் சித்தப்பாவும் நானும் பஸ்ஸிலே பெசாக் போனோம். நகரம் வளர்ந்து தோட்டத்தைச் சூழ்ந்துவிட்டது. வீதிக்கு ஒரு புறம் வீடுகள், கடைகள். மறுபுறம் மதிலுக்கு அப்பால் ஒழுங்காக நிரைபிடித்த கொடிகள். கொடிகளின் அடியிலே கூழாங்கற்கள் வெயிலில் மின்னின. நாங்கள் உள்ளே போகவில்லை. மதிலருகே நெடுநேரம் நின்றோம்.

"எங்கடை கிணத்தடிப் பந்தல் ஞாபகமோ?" என்றார் அவர்.

எனக்கு நினைவிருந்தது. அப்பப்பா நட்ட முந்திரிகைக் கொடி அது. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் முடிவில் யாழ்ப்பாணத்தை விட்டு நாங்கள் வெளியேறிய இரவு எனக்கு வயது பதினைந்து. திரும்பி வந்தபோது வளவு இருந்தது, கிணறு இருந்தது. பந்தலோ கொடியோ இல்லை. ஓ பிரியோனின் சொந்தக்காரர் தலையிழந்த பின்னும் அந்தத் தோட்டத்தின் உறுதியும் கணக்கும் நாட்குறிப்பும் கடிதமும் இருந்தன. எங்கள் பந்தலைப் பற்றியோ ஒரு துண்டுக் கடுதாசியும் இல்லை.

"அது என்ன இனம் சித்தப்பா?"

"ஆருக்குத் தெரியும்? ஐயா ஒருநாளும் சொல்லேல்லை. நாங்களும் கேக்கேல்லை."

லொக் சொன்னது சரியே. உண்ணாதவனுக்குச் சுவையைச் சொல்லால் ஊட்ட முடியாது. எனினும் அப்படி ஒரு சுவை ஓரிடத்தில் இருந்தது என்று சொல்லிவைக்க முடியும். பீப்ஸ் செய்தது அதைத்தான்; பெயரைப் பிழையாக எழுதியுங்கூட அது போதுமானதாயிற்று. நேயர்களே, உங்கள் வளவிலே நின்ற மாமரத்துக்கும் பலாவுக்கும் ஒரு வரி எழுதிவைக்க வேண்டுகிறேன். என் பங்கை இப்போதே செய்துவிடுகிறேன்.

எங்கள் வளவில், கிணற்றின் மேற்குப் பக்கம், என் அப்பப்பா நட்ட முந்திரிகைக் கொடி 1995வரை நின்றது. பழம் கறுப்பு, தோல் தடிப்பு, முதலில் புளிப்பு, நடுவில் இனிப்பு, கடைசியில் ஒரு துவர்ப்பு.