‘விலுக்கப்’ ஏன் கீழ்வரம்பைத் தேடுகிறது?

எக்செலில் சம்பளக் கணக்குப் போடுபவர்கள், அட்டவணையில் தேடி எடுக்கும் ‘விலுக்கப்’ சூத்திரத்தின் மீது சுமத்தும் குற்றச்சாட்டு ஒன்று உண்டு. எவ்வகைப் பொருத்தம் வேண்டும் என்று சொல்லும் நான்காவது இடத்தை நிரப்பாமல் விட்டால், அது கேட்ட எண்ணையே தேடுவதில்லை. அந்த எண்ணைத் தாண்டாத மிகப் பெரிய எண்ணை எடுத்துக்கொள்கிறது. பணியாளர் எண்ணைக் கொடுத்துப் பெயரைக் கேட்டால், வேறு யாருடைய பெயரையோ கொண்டுவந்து நிறுத்தலாம். வடிவமைத்தவர்களின் கவனக்குறைவு என்றுதான் பலர் இதை எண்ணுகிறார்கள். இந்தச் சூத்திர வகை எந்த வேலைக்காகப் பிறந்தது என்று பார்த்தால் அந்தத் தீர்ப்பு நிற்காது. படிநிலை வீதங்களைக் கணக்கிடுவதே அதன் முதல் வேலை.

அந்த வேலை கணினிக்கு வெகுகாலம் முந்தையது. அமெரிக்கப் பொறியாளர் ஃபிரெடரிக் டெய்லர் 1895-இல் எழுதிய கூலிமுறைக் கட்டுரையில் ஓர் எடுத்துக்காட்டு வருகிறது: நாளொன்றுக்கு 10 உருப்படிகளைக் குறையின்றி முடித்தவருக்கு உருப்படிக்கு 35 சென்ட், 9 மட்டும் முடித்தவருக்கு 25 சென்ட். ஒரே ஓர் உருப்படி கூடினால் நாட்கூலி 2.25 டாலரிலிருந்து 3.50 டாலராகத் தாவுகிறது. 1913-ஆம் ஆண்டின் அமெரிக்க வருமான வரிச் சட்டம் வேறு வழியில் சென்றது. 20,000 டாலருக்கு மேல் 1 சதவீதத்தில் தொடங்கி, 5,00,000 டாலருக்கு மேல் 6 சதவீதம் வரை கூடுதல் வரி ஏறியது; ஆனால் ஒவ்வொரு வீதமும் தன் வரம்புக்குள் விழும் பகுதிக்கு மட்டுமே பொருந்தியது. முறைகள் வேறானாலும் கணக்கரின் முதல் கேள்வி ஒன்றே: இந்தத் தொகை எந்தப் படியில் விழுகிறது? 23,417 டாலர் என்ற எண் எந்த அட்டவணையிலும் இராது. 20,000-இல் தொடங்கும் படியைத்தான் எடுக்க வேண்டும்.

டான் பிரிக்லினும் பாப் ஃபிராங்ஸ்டனும் 1979-இல் ஆப்பிள் 2 கணினிக்காக வெளியிட்ட விசிகால்க் என்ற விரிதாள் மென்பொருள், இந்தக் கேள்வியை அப்படியே எடுத்துக்கொண்டது. அதன் ‘லுக்கப்’ சூத்திரத்தை ஃபிராங்ஸ்டன் சேர்த்தது தம் வருமான வரியைக் கணக்கிடுவதற்காக. ஏறுவரிசையில் உள்ள கீழ்வரம்புகளை அது பார்த்துச் செல்லும். கொடுத்த எண்ணைத் தாண்டும் வரம்பு வந்ததும், அதற்கு முந்தைய படியின் வீதத்தைத் தரும். 1983-இல் வந்த லோட்டஸ் 1-2-3 என்ற விரிதாளும் இந்த நடத்தையைத் தொடர்ந்தது; எக்செலும் அதே வழியில் நடந்தது. ஓவர்டைம், கமிஷன், போனஸ் என எதுவானாலும் ‘இத்தனைக்கு மேல் இவ்வளவு’ என்ற விதி இருக்கும் இடமெல்லாம் சரியான தேடல் இதுதான். துல்லியப் பொருத்தத்தைக் கேட்டால், டெய்லரின் 0, 10 என்ற இரண்டு வரம்புகளுக்கு நடுவே 7 உருப்படி செய்தவருக்கு வீதமே கிடைக்காது.

நிபந்தனையைச் சோதிக்கும் ‘இஃப்’ சூத்திரங்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினால் போதாதா என்று கேட்கலாம். இரண்டு மூன்று படிகளுக்குப் போதும். ஆனால் எக்செல் 2003 வரை ஏழு அடுக்குக்கு மேல் அனுமதி இல்லை; எக்செல் 2007 அதை 64 ஆக உயர்த்திய பிறகும் வீதங்கள் சூத்திரத்துக்குள்ளேயே புதைந்து கிடக்கும். அட்டவணையில் வைத்தால் கூலி மாறும்போது ஒரு கட்டத்தைத் திருத்தினால் போதும். தன் வீதம் எது என்பதைக் கூலி வாங்குபவரும் படித்துச் சரிபார்க்கலாம். இரண்டாவது மறுப்புக்கு வலு அதிகம்: வரம்புகள் ஏறுவரிசை தவறினால் சூத்திரம் பிழை காட்டாமலேயே தவறான தொகையைத் தந்துவிடக்கூடும். 2019-இல் மைக்ரோசாஃப்ட் அறிவித்த ‘எக்ஸ்லுக்கப்’ துல்லியப் பொருத்தத்தை இயல்பாக்கியதற்கு நியாயம் உண்டு. பெயரும் குறியீடும் தேடுபவர்கள் பெருகிவிட்டார்கள். ஆனால் அந்தப் புதிய சூத்திரமும் ‘அடுத்த சிறிய எண்’ என்ற தேர்வை விட்டுவிடவில்லை. சம்பளக் கணக்கர் இப்போது அதைக் கேட்டு வாங்க வேண்டும், அவ்வளவுதான். ஆக, பழைய இயல்பைப் பிழை என்பதைவிட, கருவி பிறந்த வேலைக்கும் பின்னாளில் அதன் மேல் ஏற்றிய வேலைக்கும் இடையே விழுந்த இடைவெளி என்பதே பொருந்தும்.