ராயபுரம் பார்சியும் பர்மா நகர் தமிழரும்

"ராயபுரத்துல பார்சிக் கோயில் ஒண்ணு இருக்கு"ன்னு சொன்னா அடையாறு, மயிலாப்பூர் பக்கத்து நண்பர்கள் நம்ப மாட்டேங்கிறாங்க. "பார்சின்னா பம்பாய்ல இல்ல இருப்பாங்க?" என்பார்கள். "எண்ணூர்ல பர்மா நகர்னு ஒரு இடம் இருக்கு" என்றாலும் அதே முகம்தான். அவர்களுக்கு வட சென்னை என்றால் ஹார்பர், கன்டெய்னர் லாரி, மீன் வாடை, சினிமாவில் வரும் அரிவாள். அதோடு கதை முடிந்தது. நான் தண்டையார்பேட்டையில் வளர்ந்தவன். கொஞ்சம் ரோஷம் வரத்தான் செய்யும் :-)

ரொம்ப நாளாக இந்த ரெண்டு கூட்டத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து எழுத வேண்டும் என்று ஆசை. ஏனென்றால் இருவரைப் பற்றியும் நம்ம ஊரில் ஒரே வாசகத்தைத்தான் சொல்கிறார்கள்: "வெளியிலேர்ந்து வந்து உழைச்சு முன்னுக்கு வந்தவங்க". பார்சிகள் முன்னுக்கு வந்தார்கள், சரி. பர்மாவிலிருந்து வந்தவர்களில் பெரும்பாலோர் அந்த அளவுக்கு வரவில்லை. அப்போ பர்மாக்காரர் உழைக்கவில்லையா? விடிகாலையில் எண்ணூரிலிருந்து கிளம்பும் பஸ்ஸில் ஒரு தடவை ஏறிப் பார்த்தவர் அப்படிச் சொல்ல மாட்டார். உழைப்பை வைத்துப் போட்டால் இந்தக் கணக்கு உதைக்கிறது.

முதலில் பார்சிகள். ஈரானிலிருந்து குஜராத் கரைக்கு வந்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பால் நிறைந்த கிண்ணம், அதில் சர்க்கரை போட்டுக் காட்டிய கதை. எல்லாப் பள்ளிக்கூடத்திலும் சொல்வதுதான், விடுங்க. மெட்ராஸுக்கு அவர்கள் வந்தது ரொம்பப் பின்னால், 1795ல். குடகுப் பக்கத்திலிருந்து ஹீர்ஜிபாய் மானெக்ஜி காராஸ் என்பவர் சிலரோடு வந்து ராயபுரத்தில் நிலம் வாங்கி உட்கார்ந்தார். "நிலம் வாங்கி" என்பதைக் கவனிங்க. வந்ததுமே நிலம் வாங்குகிற நிலையில் வந்தவர்கள். அப்போ மெட்ராஸ் கம்பெனி ஊர். கையில் முதலும் பம்பாயில் தொடர்பும் இருக்கிற வியாபாரியை வா வா என்று கூப்பிட்ட ஊர். சூரத், பம்பாய், குடகு, மெட்ராஸ் என்று எங்கே போனாலும் அவர்களுக்குக் கடன் கொடுக்க, சரக்கு அனுப்ப, சொந்தக்காரர் ஒருத்தர் இருந்தார்.

ஆனாலும் ஒண்ணு சொல்லணும். 1795ல் வந்தவர்களுக்கு அக்னிக் கோயில் கிடைத்தது 1910ல். இடையில் 115 வருஷம்! 1876ல் பஞ்சாயத்து அமைத்துக்கொண்டார்கள், கோயில் மட்டும் இல்லை. எண்ணிக்கை அவ்வளவு குறைவு. 1906ல் பிரோஜ் கிளப்வாலா என்பவரின் மகன் ஜால் சின்ன வயசிலேயே இறந்துபோனான். அவன் நினைவாக அந்த அப்பா கட்டியதுதான் மேற்கு மாதா கோயில் தெருவில் இன்றைக்கும் இருக்கும் ஜால் பிரோஜ் கிளப்வாலா தர்-இ-மெஹர். 1910 ஆகஸ்டில் திறந்தார்கள். வேற்று மதத்தார் உள்ளே போக முடியாது, நான் பார்த்ததெல்லாம் வெளியிலிருந்துதான். தெருப் பேரில் வரும் மாதா கோயில் ராயப்பர் கோயில். ராயப்பர் என்றால் பேதுரு. ராயபுரம் என்ற பேரே அவரிடமிருந்து வந்தது என்பார்கள். கிறிஸ்தவப் பேர் வைத்த பேட்டையில், மாதா கோயில் தெருவில், ஜரதுஷ்டிர அக்னி. இதுவும் சென்னைதான் மக்களே.

அந்தக் கிளப்வாலா குடும்பத்துக்கு மருமகளாக வந்தவர்தான் மேரி கிளப்வாலா ஜாதவ். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் மெட்ராஸ் வழியாகப் போன சிப்பாய்களைக் கவனிக்க ஆள் திரட்டியவர், மெட்ராஸ் சமூகப் பணிப் பள்ளியைத் தொடங்கியவர், இந்த ஊரின் ஷெரீப்பாகவும் இருந்தவர். நன்கொடை கொடுக்கிற இடத்தில் இருந்த சமூகம் அது. இந்த விஷயத்தை மனசில் வைத்துக்கொண்டு அடுத்த கதைக்கு வாங்க.

1852ல் கீழ் பர்மா வெள்ளைக்காரன் கைக்குப் போனதும் அங்கே நெல் வயல் பெருகியது. ராமநாதபுரம், தஞ்சாவூர்ப் பக்கமிருந்து கப்பல் கப்பலாக ஆள் போனது. வயல் வேலை, அரிசி மில், ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்குவது, கடை கண்ணி... 1931 கணக்கெடுப்பில் ரங்கூன் ஜனத்தொகையில் பாதிக்கு மேல் இந்தியர்கள். ஆனால் அங்கே போன தமிழர் எல்லோரும் ஒரே தமிழர் இல்லை. ஒரு பக்கம் மூட்டை தூக்கியவர். இன்னொரு பக்கம் செட்டிநாட்டு நகரத்தார், வட்டிக்கடை வைத்து பர்மிய விவசாயிக்குக் கடன் கொடுத்தவர். 1930களில் நெல் விலை படுத்தது, கடன் திரும்பவில்லை, அடமானம் வைத்த நிலமெல்லாம் கைமாறியது. 1930ல் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் அவர்களிடம் இருந்தது 6 சதவீதம். 1938 வாக்கில் 25 சதவீதம். எட்டு வருஷத்தில் கால் பங்கு வயல்! பர்மியனுக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? ஆனால் அடி விழுந்தது யார் மேல்? 1930ல் ரங்கூன் துறைமுகத்தில் கலவரம் நடந்தபோது தெருவில் செத்தது அன்றாடங்காய்ச்சித் தெலுங்குக் கூலிகள். 1938ல் மறுபடியும். வட்டிக்கடைக்காரர் மாடியில் இருந்தார், கூலிக்காரன் தெருவில் இருந்தான். அவ்வளவுதான் வித்தியாசம்.

1942ல் ஜப்பான்காரன் வந்ததும் லட்சக்கணக்கானவர்கள் காட்டு வழியே நடந்தே இந்தியாவுக்கு ஓடி வந்தார்கள். வழியில் பல்லாயிரம் பேர் மாண்டுபோனார்கள். 'பராசக்தி' படத்தில் ரங்கூன் குடும்பம் சிதறுவது இந்தப் பின்னணியில்தான். போர் முடிந்ததும் பலர் திரும்பவும் அங்கேயே போனார்கள். பிழைப்பு அங்கேதானே இருந்தது.

அடுத்தது 1962 மார்ச்சில் நே வின் ராணுவ ஆட்சி. 1964 மார்ச்சில் கடைகளெல்லாம் தேசியமயம். மே மாதம் 50, 100 கியாட் நோட்டு செல்லாது என்று அறிவிப்பு. கடையும் போச்சு, பெட்டியில் இருந்த நோட்டும் காகிதமாச்சு. கப்பலேறும்போது நகையையும் பிடுங்கிக்கொண்டார்கள், தாலியைக்கூட விடவில்லை என்று வந்தவர்கள் சொல்வார்கள். எங்கள் தெருவில் ஒரு பாட்டி இருந்தார், ரங்கூனில் பிறந்து அங்கேயே கல்யாணம் ஆனவர். மஞ்சள் கயிறோடு மெட்ராஸ் ஹார்பரில் இறங்கியதை ஏதோ நேற்று நடந்தது போலச் சொல்வார். கோபம் வந்தால் மட்டும் பர்மிய மொழியில் திட்டுவார், எங்களுக்கு ஒண்ணும் புரியாது.

தமிழ்நாட்டுக்கு மட்டும் அப்படி வந்தவர்கள் சுமார் 1,44,000 பேர். அரசாங்கம் அவர்களுக்கு வைத்த பேர் "தாயகம் திரும்பியோர்". பிறந்தது பர்மா, வளர்ந்தது பர்மா, தாத்தா விட்டுவிட்டுப் போன ஊரைப் பார்த்ததே கிடையாது. அதற்குப் பேர் திரும்புவதாம். தெருவில் வைத்த பேர் "அகதி". ரெண்டுமே பொருந்தவில்லை.

வந்த நேரமும் சரியில்லை. மெட்ராஸ் ராஜ்யத்தில் அப்போது அரிசித் தட்டுப்பாடு. இருக்கிறவனுக்கே சோறில்லை என்கிற நேரத்தில் கப்பல் கப்பலாகப் புது வயிறுகள். இந்த ஊர் பிடிக்காமல், பர்மாவுக்கே திரும்பிப் போய்விடலாம் என்று மணிப்பூர் வரை போனவர்கள் இருக்கிறார்கள்! எல்லையில் தடுத்துவிட, மோரே என்ற ஊரில் அப்படியே தங்கிவிட்டார்கள். இன்றைக்கும் அங்கே தமிழ்ச் சங்கம் இருக்கிறது, அங்காள பரமேஸ்வரி கோயில் இருக்கிறது. தாயகம் எவ்வளவு நன்றாகக் கவனித்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருப்பார்கள், யோசிச்சுப் பாருங்க.

அரசு சும்மா இருந்தது என்று சொல்ல மாட்டேன். வியாசர்பாடியில் வீடு கட்டிக் கொடுத்தார்கள். அப்போதைய முதலமைச்சர் பேரில் பக்தவத்சலம் காலனி, நாம் பி.வி. காலனி என்கிறோமே, அதுதான். 1969ல் பர்மா, இலங்கையிலிருந்து திரும்பியவர்களுக்காக ரெப்கோ வங்கி தொடங்கினார்கள். அதே 1969ல் ஹார்பருக்கு எதிரே பீச் ரோடு ஓரமாகக் கடை போட இடம் கொடுத்ததுதான் பர்மா பஜார். வாக்மேன், கால்குலேட்டர், செண்ட் பாட்டில் என்று தொண்ணூறு வரைக்கும் ராஜ வியாபாரம். 1991க்குப் பிறகு ஃபாரின் சாமான் எல்லாக் கடையிலும் கிடைக்க ஆரம்பித்ததும் பஜாரின் மவுசு போய்விட்டது. அப்புறம் சிடி, செல்போன் கவர். கடைகள் பலவும் இப்போது வேறு கைகளில்.

இப்போ என் கேள்விக்கு வர்றேன். பார்சியையும் பர்மா நகர்க்காரரையும் ஒப்பிட்டு "அவங்க பாரு, எப்படி வளர்ந்தாங்க" என்பது நியாயமே இல்லாத ஒப்பீடு. பார்சிக்குச் சமமாக நிறுத்த வேண்டியவர் பர்மாவிலிருந்து வந்த செட்டியார்தான். அவருக்கு 1948ல் பர்மா நிலத்தை நாட்டுடைமை ஆக்கும் சட்டம் வந்து பெரிய அடி விழுந்தது உண்மை. ஆனால் காரைக்குடிப் பக்கம் வீடு இருந்தது, மலேயாவில் இன்னொரு கடை இருந்தது, உறவுக்காரர் மில்லில் பங்கு இருந்தது. அவர் வியாசர்பாடியில் வந்து குடிசை போடவில்லை. ஒரே நாட்டிலிருந்து, ஒரே மொழி பேசி, இழந்து வந்தவர்களிலேயே ஒருத்தர் மீண்டார், இன்னொருத்தர் எண்ணூர் உப்புக் காற்றில் நின்றார். சமூகத்தின் "குணம்" என்று நாம் சொல்வதில் பாதி, கப்பல் ஏறும் முன்பே வேறு ஊரில் பத்திரமாக இருந்த முதல்.

இது நம்ம ஊர் சமாச்சாரம் மட்டும் இல்லை. நியூசிலாந்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கடைசியில் போன லெபனான்காரர்கள் தலையில் மூட்டை வைத்துத் தெருத் தெருவாக விற்று, பிறகு கடை வைத்து நிமிர்ந்தார்கள். சமோவாத் தீவிலிருந்து போனவர்கள் தொழிற்சாலைக் கூலிகளாகக் கூப்பிடப்பட்டவர்கள். 1970களில் வேலை குறைந்ததும் விசா முடிந்தவர்களைத் தேடி விடிகாலையில் போலீஸ் கதவைத் தட்டியது. 2021ல்தான் அந்த நாட்டுப் பிரதமர் மன்னிப்புக் கேட்டார். கடை வைக்க வந்தவனுக்கும் கூலிக்கு வந்தவனுக்கும் ஒரே தராசு கிடையாது, அங்கேயும்.

இன்னொரு வித்தியாசம் கல்யாணத்தில். 1908ல் பம்பாய் ஹைகோர்ட்டில் ஒரு வழக்கு. டாடா குடும்பத்தில் ஒருத்தர் பிரெஞ்சுப் பெண்ணை மணந்துகொண்டு வந்தார், அவரும் மதம் மாறினார். அவர் பார்சியா இல்லையா? வழக்கின் மையம் சாமி அல்ல, பஞ்சாயத்து அறக்கட்டளைச் சொத்து. அதை அனுபவிக்கும் உரிமை மதம் மாறி வந்தவருக்கு உண்டா என்பதுதான். தீர்ப்பு, இல்லை. அப்பா பார்சியாக இருந்தால் பிள்ளைகளுக்கு உண்டு. சொத்து கொட்டிக் கிடந்ததால் கதவையும் இறுக்கிச் சாத்த வேண்டியிருந்தது. விளைவு எண்ணிக்கையில் தெரிகிறது. 1941ல் இந்தியா முழுக்க ஒரு லட்சத்துக்கு மேல் இருந்த பார்சிகள் 2011ல் 57,264. சென்னையில் சில நூறு பேர்தான்.

பர்மாக்காரருக்குச் சாத்தக் கதவே கிடையாது. பர்மியப் பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்தவர் உண்டு, வழியில் ஜாதி மறந்து சேர்ந்தவர் உண்டு. காலனிகள் பெருத்துக்கொண்டே போயின.

சாப்பாட்டைப் பாருங்க, இது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். ராயபுரம் முழுக்கச் சுற்றினாலும் பார்சி தன்சாக் விற்கும் தள்ளுவண்டி ஒன்றைக்கூடப் பார்க்க முடியாது. அந்தச் சமையல் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் அத்தோ? சாயங்காலம் பர்மா பஜார் பின்பக்கம் போனால் வண்டி வண்டியாக நிற்கிறது. மஞ்சள் நூடுல்ஸ், முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், புளித்தண்ணி, மிளகாய்த்தூள், எல்லாம் கையாலேயே பிசைந்து, கூட ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப். மொய்ங்கா தனி. நாம் "ஆஹா, என்ன ஒரு கலாசாரப் பரிமாற்றம்" என்று ரசித்துச் சாப்பிடுகிறோம். கடைக்கு அட்வான்ஸ் கொடுக்கக் காசில்லாதவர் ஒரு அடுப்பையும் பலகையையும் வைத்துச் செய்யக்கூடிய தொழில் அது ஒன்றுதான் என்பதால் அது தெருவுக்கு வந்தது.

இப்போ ரெண்டு பேருடைய கவலையும் வேறு வேறு. கோயிலில் அடுத்த தலைமுறைக்கு அக்னி வளர்க்க ஆள் இருக்குமா என்பது ராயபுரத்துக் கவலை. எண்ணூரில் கவலை மூச்சு சம்பந்தப்பட்டது. உரத் தொழிற்சாலை, அனல்மின் நிலையச் சாம்பல், கொசஸ்தலை ஆற்றில் எண்ணெய். 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து படகு, வலை, வாசல்படி எல்லாம் கறுப்பாச்சு. அதே மாசம் 26ஆம் தேதி ராத்திரி கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னகுப்பம், பர்மா நகர் சனங்கள் கண்ணெரிச்சலோடு, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு நடு ராத்திரியில் ரோட்டுக்கு ஓடி வந்தார்கள். அவர்களில் வயசானவர் சிலருக்கு இப்படி வீட்டைப் போட்டது போட்டபடி விட்டு ஓடுவது அது முதல் தடவை இல்லை.

கொசுறு: அத்தோ சாப்பிடப் போகிறவர்கள் ஆறு மணிக்கு மேல் போங்க. பேஜோவும் கேட்டு வாங்குங்க. காரம் தாங்காதவர்கள் முன்னாடியே சொல்லிடுங்க, அவங்க பாட்டுக்கு அள்ளிப் போட்டுடுவாங்க.