பவழ வேலிக்குள் ஒரு தீவு

மடகாஸ்கருக்குக் கிழக்கே ஏறத்தாழ 800 கிலோமீட்டர் தொலைவில், எரிமலைக் குழம்பு இறுகிப் பிறந்த தீவு மொரீசியசு. பரப்பு 1865 சதுர கிலோமீட்டர். மிக உயர்ந்த கொடுமுடியும் 828 மீட்டரே. பவழப் பாறைகள் வேலியென வளைந்து நின்று அலையின் சினத்தைத் தணிப்பதால், கரையோரக் கடல் குளம்போல் அமைந்து கிடக்கின்றது. விடுமுறை கழிக்க வருவோரை ஈர்ப்பது இவ்வமைதியே. தெற்கே சூய்யாக் ஊரருகே வேலி அறுபடுகின்றது. ஆங்கே கடல் தன் இயல்பான குரலில் முழங்கும். தீவின் வரலாற்றைக் கேட்க விழைவோர் அக்கரையில் நிற்பதே பொருத்தம்.

மனிதர் குடியிராத இத்தீவில் 1598இல் இறங்கிய ஒல்லாந்தர், தம் இளவரசர் மோரிட்சின் பெயரைச் சூட்டினர். 1638இல் குடியேறிக் கருங்காலிக் காடுகளை வெட்டினர். சாவகத்திலிருந்து கரும்பைக் கொணர்ந்தனர். பறக்கவியலாத டோடோப் பறவை அவர் காலத்திலேயே அழிந்தது. 1710இல் அவர்கள் அகன்றனர். 1715இல் பிரெஞ்சியர் வந்தனர். 1735இல் ஆளுநராய் வந்த லபூர்தொனே, போர்ட் லூயித் துறைமுகத்தைக் கட்டியெழுப்பப் புதுச்சேரியிலிருந்து கைவினைஞரை வரவழைத்தார். அடிமைகளாய்க் கொண்டுசெல்லப்பட்ட இந்தியரும் உண்டு. ஆயினும் ஒப்பந்தக் கூலிமுறைக்கு நூறாண்டு முன்னரே தமிழரின் கைத்திறன் அந்நகரில் பதிந்துவிட்டது என்பது மறக்கப்படும் செய்தி.

1810இல் ஆங்கிலேயர் தீவைக் கைப்பற்றினர். 1835இல் அடிமைமுறை ஒழிந்தது. கரும்புக்கோ ஆள் வேண்டும். 1834 நவம்பர் 2ஆம் நாள் அட்லசு என்னும் கப்பல் கல்கத்தாவிலிருந்து 36 பேரை இறக்கியது. பின்னர்ச் சென்னையும் ஆள் அனுப்பும் துறையாயிற்று. 1920 வரை வந்திறங்கியோர் ஐந்து இலட்சத்தை நெருங்குவர். ஒவ்வொருவருக்கும் ஓர் எண். ஒருநாள் வேலைக்கு வாராவிடின் இருநாள் கூலி பிடித்தம். பாரதியார் பாடியது பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்தை. அக்கண்ணீர் மொரீசியசில் அதற்கும் முன்னரே பெருகியது. அவர்கள் இறங்கிய ஆப்பிரவாசி காட் 2006இல் உலக மரபுச் சின்னமாயிற்று.

தென்மேற்கு முனையில் லெ மோர்ன் மலை செங்குத்தாய் எழுந்து நிற்கின்றது. தப்பியோடிய அடிமைகள் அதன் குகைகளில் ஒளிந்து வாழ்ந்தனர். விடுதலைச் செய்தி சொல்ல வந்த காவலரைத் தம்மைப் பிடிக்க வந்தவரென எண்ணி, அவர்கள் உச்சியினின்று குதித்து மாண்டனர் என்பது அம்மக்களின் வாய்மொழி மரபு. 2008இல் அம்மலையும் மரபுச் சின்னமாயிற்று. அடிவாரத்திலோ இன்று உல்லாச விடுதிகள். மலை அவற்றின் பின்னணிக் காட்சியாகி நிற்கின்றது.

கவிஞர்க்குரிய செய்தி ஒன்றுண்டு. 1841 செப்டம்பரில் இருபது வயது போதலேர் போர்ட் லூயியில் சில வாரம் தங்கினார். பின்னர் 'மலபார்ப் பெண்ணுக்கு' என ஒரு கவிதை எழுதினார். அக்காலப் பிரெஞ்சியர் தமிழர் உள்ளிட்ட தென்னிந்தியரை 'மலபார்' என்றே வழங்கினர். எசமானனுக்குப் புகைக்குழாய் பற்றவைத்துப் பணிசெய்யும் அப்பெண்ணிடம், பிரான்சைக் காண ஏங்காதே என்கின்றார் கவிஞர். அவள் பெயர் கவிதையில் இல்லை. அவள் மறுமொழியும் இல்லை.

1968 மார்ச் 12இல் விடுதலை பெற்று, 1992இல் குடியரசான இந்நாட்டின் பணத்தாளில் தமிழ் எழுத்தும் தமிழ் எண்ணும் உள்ளன. 1998இல் வெளிவந்த தாள்களில் தமிழ், இந்திக்குப் பின் தள்ளப்பட்டது. தமிழர் கொதித்தெழவே அத்தாள்கள் திரும்பப் பெறப்பட்டன. இத்தனைக்கும் அவருள் மிகப் பெரும்பாலோர் வீட்டில் பேசுவது கிரியோல் மொழியே. பேச்சினின்று நழுவிய மொழிக்காகப் போராடிய அம்மக்களை நகைப்பது எளிது. நாள்தோறும் தமிழ் பேசும் நமக்கு அத்துணைச் சினம் வருமா என்பது ஐயமே. தைப்பூசக் காவடி அங்கே அரசு விடுமுறை. கிரியோல் பேசும் அடுக்களையிலோ இரசம் 'ரசோன்' ஆகியுள்ளது. முருங்கை 'முரும்' ஆகியுள்ளது. பீர்க்கங்காய் 'பிபங்காய்' என்னும் பெயரில் அன்றாடம் சந்தைக்கு வருகின்றது.