மட்டக்களப்புக் கோட்டை

இலங்கையின் கிழக்குக் கரையில், வாவி சூழ்ந்த புளியந்தீவில் அமைந்த நாற்கோணக் கோட்டை. மூலைக்கொன்றாக நான்கு கொத்தளங்கள். இரு பக்கம் வாவி, மற்ற இரு பக்கம் அகழி.

கடலோரத்தை விட்டு உள்ளே ஏன் கோட்டை கட்டினார்கள்? விடை வாவியில் இருக்கிறது. கடலுக்கும் வாவிக்கும் நடுவே எழுவான்கரை, மேற்கே வயல்கள் விரிந்த படுவான்கரை. கப்பல்கள் வெளியே நங்கூரமிடும். சரக்கும் ஆட்களும் தோணியில் முகத்துவாரம் தாண்டி உள்ளே வரவேண்டும். வறண்ட மாதங்களில் மணல்திட்டு அந்த வாயையும் அடைத்துவிடும். இப்படியொரு நீர்வழியைக் காக்க நடுவிலிருக்கும் தீவைவிடத் தோதான இடமில்லை.

கண்டி அரசுக்கு இது கடல்வாசல். 1602இல் ஒல்லாந்தக் கடலோடி யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் இங்கு இறங்கித்தான் மலையேறிப்போய் விமலதர்மசூரிய மன்னனைச் சந்தித்தார். மறு ஆண்டு வந்த இன்னொரு ஒல்லாந்தர் செபால்ட் டி வேர்ட், மன்னனோடு மனம் முறிந்து இதே கரையில் கொல்லப்பட்டார். கண்டி அந்நியரோடு பேசும் இந்த வாசலை அடைக்கவே போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா 1628இல் கோட்டையை எழுப்பினார்.

அது போர்த்துக்கேயர் கையில் பத்தாண்டுகளே இருந்தது. 1638 மார்ச்சில் கன்னொறுவையில் போர்த்துக்கேயப் படையை அழித்த கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கன், அந்த வேகத்திலேயே கிழக்கே இறங்கினான். அவனுக்குத் துணையாகக் கடல்வழி வந்தவர் ஒல்லாந்தத் தளபதி அதாம் வெஸ்டர்வோல்ட். மே 18ஆம் திகதி கோட்டை பணிந்தது. ஒல்லாந்தர் இலங்கையில் கைப்பற்றிய முதல் கோட்டை இதுதான். ஐந்து நாள் கழித்து இங்கேயே இரு தரப்புக்குமிடையே ஒப்பந்தம் கைச்சாத்தானது. பிடிக்கும் கோட்டைகளில் ஒல்லாந்தப் படை தங்குவது பற்றிய விதியில், "மன்னர் விரும்பினால்" என்ற நிபந்தனை மன்னனிடம் இருந்த போர்த்துக்கேய மொழிப் பிரதியில் இருந்தது. ஒல்லாந்தப் பிரதியில் இல்லை. சில சொற்கள்தான். கோட்டைகள் தன்னுடையவை என்று மன்னன் நம்பினான். போர்ச்செலவு தீரும்வரை அவை தம்மிடம் என்றனர் ஒல்லாந்தர். இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கியது போல என்று சிங்களவர் சொல்வது போர்த்துக்கேயர் போய் ஒல்லாந்தர் வந்த இந்த மாற்றத்தைத்தான். இலங்கையின் அடுத்த ஒன்றரை நூற்றாண்டை முடிவு செய்த அந்த எழுத்து கண்டியிலோ கொழும்பிலோ எழுதப்படவில்லை, இந்த வாவிக்கரையில் எழுதப்பட்டது. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லவேண்டிய வரலாறு இதுவென்பேன்.

ஒல்லாந்தரில் கோட்டையை முதலில் பொறுப்பேற்ற வில்லெம் கொஸ்டர், 1640இல் காலியை வென்றபின் கண்டிக்குப் போய், மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் கொல்லப்பட்டார். இடையில் கைமாறிய கோட்டையை ஒல்லாந்தர் 1660களில் மீண்டும் பிடித்தனர். 1795இல் ஆங்கிலேயர் வந்தனர்.

பிற்காலத்தில் அரச அலுவலகமான கச்சேரி உள்ளே குடியேறியது. அலுவலகமாக வாழ்ந்ததால் கற்கள் பெயர்த்தெடுக்கப்படாமல் தப்பின. ஆனால் காணிக் கடதாசிக்கும் கையொப்பத்துக்கும் வந்துபோனவர்களின் கண்ணுக்குக் கோட்டை மறைந்துபோயிற்று. வாசலுக்கு மேலே ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் முத்திரை இன்றும் இருக்கிறது. உள்ளே பழைய பீரங்கிகளும் உண்டு. கோட்டையை முழுதாகப் பார்க்க எதிர்க்கரைக்குப் போகவேண்டும். மதிலின் அடிவரை தண்ணீர் வந்து தொடுவது அங்கிருந்துதான் தெரியும்.