முதலில் ஞானமா, ஸ்நானமா?

ஞானஸ்நானம் என்ற சொல்லில் ஸ்நானம் என்பது எல்லாருக்கும் தெரிந்த குளியல்தான். முன்னால் நிற்கும் ஞானத்தைத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் ஆன்மாவுக்குரிய எதற்கும் அடைமொழியாக வைத்துக்கொண்டார்கள். ஞானஸ்நானத்தின்போது பிள்ளைக்குப் பொறுப்பேற்பவர் ஞானத்தகப்பன். ஆலயத்தில் பாடுவது ஞானப்பாட்டு. ஆனால் அறிவு என்ற பழைய பொருளும் உள்ளே இருந்துகொண்டு வழக்காடுகிறது: செய்தியைப் புரிந்துகொண்ட பிறகு தண்ணீரா, தண்ணீருக்குப் பிறகு புரிதலா?

முத்துக்குளித்துறையில் தண்ணீர் முந்திக்கொண்டது. 1536-37இல் அந்தக் கடலோரத்துப் பரதவர் ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் பெற்றார்கள். முத்துக்குளிப்புத் தகராறில் அவர்களுக்குப் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பு வேண்டியிருந்தது. உபதேசம் சொல்ல ஆளில்லை. 1542இல் வந்த பிரான்சிஸ் சவேரியார்தான் ஊர் ஊராக மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டி, மன்றாட்டுகளை மனப்பாடம் செய்வித்தார். ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்தே கை சோர்ந்துபோகிறது என்று 1544இல் கடிதம் எழுதியவரும் அவரே.

பாதுகாப்புக்காகப் பெற்ற அந்த ஞானஸ்நானத்தை வெறும் பேரம் என்று ஒதுக்குவது அவசரத் தீர்ப்பு. 1658இல் தூத்துக்குடியைப் பிடித்த டச்சுக்காரர்கள் கத்தோலிக்கக் குருக்களை விரட்டினார்கள். பரதவரைத் தங்கள் சபைக்கு இழுக்கவும் பார்த்தார்கள். பரதவர் அசையவில்லை.

மதுரையில் கதை வேறு மாதிரி. அங்கே 1606இல் இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நொபிலி வந்தபோது, ஞானஸ்நானம் கேட்டு வருபவரிடம் பரங்கிக் குலத்தில் சேரச் சம்மதமா என்று விசாரிப்பது வழக்கம். பரங்கி என்றால் ஊரார் கண்ணில் மாட்டிறைச்சியும் மதுவும். செய்தி காதில் விழுமுன்னே கேள்வி கதவைச் சாத்திவிட்டது. நொபிலி அந்தக் கேள்வியையே கைவிட்டார். நாள்கணக்கில் விவாதித்து, உபதேசித்து, பிறகே தண்ணீர் ஊற்றினார். வந்தவர்கள் சிலர்தான்.

தரங்கம்பாடியில் லுத்தரன் மிஷனரி சீகன்பால்க் 1706இல் இறங்கினார். அங்கும் உபதேசத்துக்குப் பிறகே தண்ணீர்: அடுத்த ஆண்டு மே மாதம் அவரது மிஷனில் முதன்முதலாக ஞானஸ்நானம் பெற்றவர்கள் ஐந்து பேர்.

கேட்டும் உடனே கிடைக்காதவர்கள் உண்டு. மராட்டியப் பிராமண விதவை ஒருவர் ஆங்கிலேய அதிகாரியோடு மணமாகாமல் வாழ்ந்தார் என்பதால் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் அவருக்கு ஞானஸ்நானம் தர மறுத்தார். அதிகாரி இறந்தபின், 1778இல் பாளையங்கோட்டையில் கொடுத்தார். குளோரிந்தா என்று பெயர் பெற்ற அந்த அம்மாள் அங்கே கட்டிய ஆலயத்தை ஊர் இன்றும் பாப்பாத்தியம்மாள் கோயில் என்கிறது. கிடைத்தபின் உயிரை இழந்தவரும் உண்டு. வடக்கன்குளத்தில் 1745இல் ஞானஸ்நானம் பெற்ற நீலகண்ட பிள்ளை லாசரு என்ற பெயரைத் தமிழாக்கித் தேவசகாயமானார். 1752இல் திருவிதாங்கூர் வீரர்கள் அவரைச் சுட்டுக்கொன்றார்கள். 2022இல் கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

இப்போது கத்தோலிக்கர்கள் திருமுழுக்கு என்கிறார்கள்; பழைய ஸ்நாபக அருளப்பர் அவர்கள் விவிலியத்தில் திருமுழுக்கு யோவான் ஆகிவிட்டார். சீர்திருத்தச் சபைகளில் ஞானஸ்நானமே நிலைத்திருக்கிறது. சொல்லைவிட வினையைக் கவனித்தால் வழக்கு எங்கே நிற்கிறது என்று தெரியும். சிஎஸ்ஐ குடும்பத்தில் “பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தாச்சு” என்பார்கள். புரிந்து அறிக்கையிடுவது பின்னால் திடப்படுத்தலில். பெந்தெகொஸ்தே விசுவாசியோ “ஞானஸ்நானம் எடுத்தேன்” என்பார். ஆற்றிலோ தொட்டியிலோ, வளர்ந்தபின், முழுகி. முன்னதில் சபை கொடுக்கிறது, பின்னதில் ஆள் எடுக்கிறார். கொடுத்த சபை அதை மறுபடி எடுக்கக்கூடாது என்கிறது. எடுத்தவர், முதலில் நடந்தது ஞானஸ்நானமே இல்லை என்கிறார். ஒரே வீட்டுக்குள் இன்னும் தீராத வழக்கு இது.